அடுப்படிக்கு வந்த வெயில்

அன்று காலையில் என் அடுப்படிச் சுவரில் வெயில் விழுந்தது.

இதெல்லாம் ஒரு சமாச்சாரமா என்று நீங்கள் கேட்கலாம். அந்த அடுப்படியில் ஒன்பது மாதம் குடித்தனம் பண்ணியிருந்தால் கேட்க மாட்டீர்கள். ஏலக்காட்டுக்குள் வெயில் என்பது சொட்டுச் சொட்டாக வருகிற பொருள். மரங்களுக்கு மேலே எங்கோ பகல் நடந்துகொண்டிருக்கும். கீழே இருக்கிற நமக்கு எந்நேரமும் விடிந்தும் விடியாத நேரம்தான்.

அன்றைக்கு அப்படி இல்லை. உலையில் அரிசியைப் போட்டுவிட்டுத் திரும்புகிறேன், சுவரில் ஒரு முழ அகலத்துக்கு மஞ்சள் வெளிச்சம். கையை நீட்டிப் பார்த்தேன். உள்ளங்கை சுட்டது. கரித்துணியை அப்படியே போட்டுவிட்டு வெளியே ஓடினேன்.

வீட்டுக்குக் கிழக்கே எப்போதும் அடைத்துக்கொண்டு நிற்கிற மரங்களின் நடுவில் ஒரு பெரிய சன்னல் திறந்திருந்தது. அதற்குள் ஆகாயம். ஆகாயத்துக்குக் கீழே, ஆத்தாடி, என் ஊர்!

போடியின் ஓட்டுக் கூரைகள் தெரிந்தன. மதுரைக்குப் போகிற ரயிலின் புகை தெரிந்தது. வெளிறிய மண், கொஞ்சம் பச்சை, மறுபடியும் வெளிறிய மண். அதற்கு நடுவில் மினுக் மினுக்கென்று சிலமலைக் கண்மாய். அதற்கும் அப்பால் மண் எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்றே தெரியாத ஒரு நீலம்.

என் அண்ணன் இன்றைக்கும் இதை நம்ப மாட்டான். "அம்புட்டு ஒசரத்துல இருந்து நம்ம கம்மா தெரிஞ்சுச்சாக்கும்? புளுகாத" என்பான். தெரிந்தது. பிறந்த ஊரின் தண்ணீரை எனக்கு அடையாளம் தெரியாதா?

நான் நின்ற இடத்திலேயே அழுதேன். அழுது முடித்து முகத்தைத் துடைத்தபோதுதான் நிமிர்ந்து பார்த்தேன். நாவல் மரத்தின் மேல்கவட்டில், இடுப்பில் கயிறும் கையில் அரிவாளுமாக என் வீட்டுக்காரர் நின்றிருந்தார். அவர் ஊரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்பது மாதத்து இருட்டு

போன வாரம் இந்தப் பத்திரிகையில் என் கல்யாணத்தைப் பற்றி எழுதியிருந்தேன். மலைக்குப் போன பிறகு என்ன ஆச்சு என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். என்ன ஆச்சு, அட்டை கடித்தது.

ஐம்பதுகளில் ஒரு வருடம், ஆவணியில் கல்யாணம். அந்த மலை தமிழ் ராஜ்யத்துக்கா மலையாள ராஜ்யத்துக்கா என்று பெரியவர்கள் பேசிக்கொண்டிருந்த காலம். என் வீட்டுக்காரர் போடி முதலாளி ஒருவரின் ஏலத்தோட்டத்தில் மேஸ்திரி. (அவர் பெயரை எழுத இத்தனை வயதிலும் கை வரவில்லை, மன்னியுங்கள்.) தாய் தகப்பன் இல்லாமல் பன்னிரண்டு வயதில் மலையேறியவர். மாசச் சம்பளக்காரர், குடிப்பழக்கம் இல்லை என்று எங்கள் வீட்டில் தலையை ஆட்டிவிட்டார்கள். நான் எட்டாவது வரைக்கும் படித்தவள். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு அட்டையை எண்ணலாம்.

பாதித் தூரம் ஜீப்பு, பாதித் தூரம் நடை. மேடு ஏறி மரங்களுக்குள் நுழைந்தோம். அவ்வளவுதான், வானத்தைக் கொண்டுபோய் எங்கோ வைத்துவிட்டார்கள்.

தகரக் கூரை போட்ட இரண்டு அறை வீடு. பக்கத்தில் ஏலக்காய் வாட்டுகிற ஸ்டோர். துவைத்த சேலை ஐந்து நாளானாலும் காயாது. தீப்பெட்டியை அரிசிப் பானைக்குள் புதைத்து வைக்க வேண்டும். பகலெல்லாம் கூரையில் மரம் சொட்டும். மழை நின்ற பிறகும் மரம் நிற்காது, அதுபாட்டுக்குச் சொட்டிக்கொண்டிருக்கும். அந்தச் சத்தத்தில் பாதித் தூக்கத்திலேயே நடமாடுகிற மாதிரி இருக்கும் எனக்கு. மூடுபனி வாசலுக்குள் வந்து அம்மியின் மேல் உட்கார்ந்திருக்கும். ஏலக்காய் மணம் தலைமுடியில், தலையணையில், சோற்றில்.

இப்போது சொல்லும்போது கனவு மாதிரி இனிக்கிறது. அப்போது மூச்சு முட்டியது. நான் சிலமலைக்காரி. வாசலில் நின்றால் அடிவானம் வரைக்கும் கண் போய் வர வேண்டும். யார் வருகிறார்கள், எந்தப் பக்கம் மழை இறங்குகிறது, யார் காட்டில் கடலை பிடுங்குகிறார்கள், எல்லாம் தெரிய வேண்டும். இங்கே பத்தடிக்கு ஒரு மரம் மறித்தது.

ஒருநாள் கெண்டைக்காலில் ஒட்டியிருந்த அட்டைக்கு உப்பு வைத்துக்கொண்டே சொல்லிவிட்டேன். "தலை ஆடிக்கு எங்க அண்ணே வந்து கூட்டிட்டுப் போவான். போனா நான் திரும்பி வரமாட்டேன். இப்பவே சொல்லிட்டேன்."

புதுப்பெண்ணை முதல் ஆடியில் தாய் வீட்டுக்கு அழைத்துப் போவது எங்கள் வழக்கம். அதற்கு யாரும் தடை சொல்ல முடியாது. திரும்பி வராமல் இருப்பதற்கு இதைவிட வாகான வழியும் கிடையாது.

அவர் குனிந்து இன்னொரு அட்டையைத் தட்டிவிட்டார். "வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று கேட்டேன். மறுநாள் விடிகாலையில் எனக்கு முன்னால் எழுந்து, வாசலில் அட்டை வராமல் இருக்கச் சாம்பலும் சுண்ணாம்பும் போட்டிருந்தார். அட்டை மட்டுமா என் பிரச்னை?

பூச்சி வாத்தியார்

சித்திரை முடிகிற சமயம் ஒரு விருந்தாளி வந்தார். மதுரைப் பக்கம் ஏதோ ஒரு கல்லூரியில் விலங்கியல் வாத்தியார். முப்பது வயதுகூட இருக்காது. முதலாளிக்குத் தெரிந்தவர் மூலமாகக் கடிதம் கொண்டுவந்திருந்தார். ஏலப்பூவுக்கு எந்தெந்தத் தேனீ வருகிறது என்று எண்ணப் போகிறாராம்.

ஏலச்செடி ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்தாலும் பூ மேலே பூக்காது. தூரிலிருந்து சரம் விட்டு, தரையோடு தரையாகப் படர்ந்து பூக்கும். ஆகவே எங்கள் வாத்தியார் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்துக்கொள்வார். முகத்துக்கு நேரே பூ, கையில் பென்சில். தோட்டத்துப் பெண்கள் அவரைத் தாண்டிப் போகும்போதெல்லாம், "சாருக்கு இன்னிக்கும் வயித்து வலியா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

அவருக்குச் சாப்பாடு எங்கள் வீட்டில். என்னைத் தங்கச்சி என்பார், நான் அண்ணே என்பேன். ஆள் நல்லவர், ஆனால் எதையும் தெரியாது என்று சொல்லத் தெரியாதவர். மனிதன் குரங்கு வழியில் வந்தவன் என்று முதல்நாளே சொல்லிவிட்டார். ராமாயி என்றொரு பெண், மலையிலேயே பிறந்து வளர்ந்தவள், எனக்குக் கூடமாட வேலைக்கு வருவாள். அவள் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு என் காதில், "சாரு மட்டும் பாதி வழியில நிக்காரு போல" என்றாள். நான் குழம்புச் சட்டியைக் கீழே போடாதது அதிர்ஷ்டம்.

ஒருநாள் மத்தியானம் சாப்பிடக் கூப்பிடப் போனவள் நானும் குனிந்து அந்தப் பூவைப் பார்த்தேன். அதுவரை ஏலப்பூவை நான் ஒழுங்காகப் பார்த்ததே இல்லை. சின்ன வெள்ளை இதழ். நடுவில் ஊதாவும் சிவப்புமாகக் கோடுகள், மெல்லிய குச்சியால் இழுத்தது போல.

"இந்தக் கோடு எதுக்குண்ணே?"

"தேனீக்கு வழி காட்ட, தங்கச்சி. இந்தக் கோட்டைப் பிடிச்சுக்கிட்டே போனா தேன் இருக்கிற இடம் வந்திரும். ஈ உள்ளே நுழையும்போது மகரந்தம் ஒட்டிக்கும். பூ அதுக்காகத்தான் இப்படி ஆகியிருக்கு."

"ஈக்குப் போட்ட கோலம் சரி. அது எனக்கு எதுக்கு அழகா தெரியுது? நான் என்ன தேன் குடிக்கவா போறேன்?"

அவர் எழுந்து உட்கார்ந்துவிட்டார். முழங்கையில் மண், கழுத்தில் ஒரு அட்டை. "இதத்தான் தங்கச்சி நான் ராத்திரியெல்லாம் யோசிக்கிறேன்" என்றார்.

பிழைத்தவர்களின் கண்

அவர் சொன்னதை என் பாஷையில் சொல்கிறேன். பல்லாயிரம் வருடத்துக்கு முன்னால் மனிதன் காட்டிலும் மேட்டிலும் அலைந்தபோது பூ பூத்த இடத்தைக் கண்டு நின்றவன், பிறகு அங்கே காய் பறித்தான். தூரத்தில் மினுங்குகிற தண்ணீரைக் கண்டு மனசு துள்ளியவன் தாகத்தில் சாகவில்லை. உயரமான இடத்தில் நின்று பரந்த வெளியைப் பார்க்கப் பிடித்தவனுக்குப் புலி வருவதும் மழை வருவதும் முன்கூட்டியே தெரிந்தது. அவர்கள் பிழைத்தார்கள், பிள்ளை பெற்றார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள் நாம். அதனால் அந்தத் துள்ளல் நம் கண்ணுக்குள்ளேயே தங்கிவிட்டது. காரணம் மறந்துபோச்சு, சந்தோஷம் மட்டும் மிச்சம். அதைத்தான் அழகு என்கிறோமாம்.

"நாம அழகுங்கிறது எல்லாம் பொழச்சவங்களோட கண்ணு, தங்கச்சி."

"அப்ப செத்தவுகளுக்கு எது அழகா இருந்துச்சோ?" என்றேன்.

நான் விளையாட்டாகத்தான் கேட்டேன். அவர் நோட்டை எடுத்து எழுதிக்கொண்டார். எனக்கு அன்று முழுக்க அதே நினைப்பு. புலியின் வரிகளைப் பார்த்து ஆகா என்று நின்ற ஒருத்தி இருந்திருப்பாள். அவளுக்குப் பிள்ளை குட்டி இல்லை. அவள் கண்ணால் பார்த்தால் உலகம் எப்படி இருந்திருக்கும்? அது யாருக்கும் வராமலே போய்விட்டதே என்று பாத்திரம் கழுவும்போது துக்கமாகக்கூட இருந்தது. எனக்கு அப்போது வயது பத்தொன்பது, இதற்கெல்லாம் துக்கப்பட நேரம் இருந்தது.

வாத்தியார் சொன்னதில் விஷயம் இல்லாமல் இல்லை. எங்கள் முதலாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். ஏலக்காயை உடனுக்குடன் பதமாக வாட்டினால்தான் பச்சை நிற்கும். பச்சை நின்றால் விலை. அதற்காகப் பச்சையைப் பார்த்துப் பார்த்து, கடைசியில் அவருக்குப் பச்சையே பிடித்துப்போய்விட்டது. ஒரு சோலியும் இல்லாத நேரத்தில் குவியலுக்குள் கையை விட்டு அளைந்துகொண்டு சொக்கிப்போய் உட்கார்ந்திருப்பார். மகள் கல்யாணத்துக்கு எடுத்த பட்டும் அதே ஏலக்காய்ப் பச்சை. ஒரு ஆயுசிலேயே இப்படி என்றால் பல்லாயிரம் வருடத்தில் என்னதான் நடக்காது?

இன்னொன்றும் சொல்வேன். எங்கள் பக்கம் எந்தக் கடையில் காலண்டர் கொடுத்தாலும் படம் ஒன்றுதான். ஒரு குளம், இரண்டு மரம், தூரத்தில் மலை. பத்தடிக்கு ஒரு மரம் மறிக்கிற ஏலக்காட்டைப் படம் போட்டு யாராவது காலண்டர் அடித்திருக்கிறார்களா?

இதை வாத்தியாரிடம் சொன்னபோது தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார். எனக்கும் ஒரு தெம்பு வந்துவிட்டது. வாசல்படியில் இருந்த என் வீட்டுக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னேன். "கேட்டீகளா? எனக்கு இந்தக் காட்டுல மூச்சு முட்டுறது என் கொழுப்பு இல்ல. எங்க முப்பாட்டன் முப்பாட்டி குடுத்த கண்ணு. தண்ணியும் வெளியும் தெரியாட்டி அது செத்துப்போகும்."

அவர் அரிவாளைத் தீட்டிக்கொண்டிருந்தார். தீட்டுவதை நிறுத்தினார். அப்புறம் மறுபடியும் தீட்டினார்.

சன்னல்

வைகாசியில், பெருமழைக்கு முன்னால், ஏலத்தோட்டத்தில் மரக் கவாத்து நடக்கும். ஏலத்துக்கு நிழல் வேண்டும், ஆனால் இருட்டு ஆகாது. ஆகவே ஆட்கள் கயிறு கட்டி மரம் ஏறி, கிளைகளை ஆங்காங்கே கழித்துவிடுவார்கள். எந்தக் கிளையை விடுவது, எதைக் கழிப்பது என்பதுதான் மேஸ்திரியின் கெட்டிக்காரத்தனம். அந்த வட்டாரத்திலேயே என் வீட்டுக்காரருக்கு அதில் நல்ல பெயர். அவர் கவாத்து விட்ட தோட்டத்தில் நடந்தால் வெயில் தரையில் சல்லடை பிடித்தது போல விழும் என்பார்கள்.

அந்த வருடம் கிழக்குச் சரிவில் மட்டும் ஆள் விடவில்லை. அவரே ஏறினார். எட்டு நாள், பத்து நாள் ஏறினார். நாவல், சந்தன வேம்பு, பலா என்று வரிசையாக. எனக்கு ஒன்றும் தெரியாது, அரிவாள் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டே இருந்தது. பத்தாவது நாள் காலையில்தான் முதலில் சொன்னேனே, அந்த வெயில்.

கவட்டிலிருந்து இறங்கி வந்தார். தோளெல்லாம் கீறல். "இப்ப மூச்சு விட முடியுதா?" என்று கேட்டார். கல்யாணமான நாளிலிருந்து அவர் என்னிடம் கேட்ட முதல் நீளமான கேள்வி அதுதான்.

வாத்தியாருக்குத் தலைகால் புரியவில்லை. நான் அழுததையும் சிரித்ததையும் நோட்டில் எழுதிக்கொண்டார். தன் கருத்துக்கு நான் சாட்சியாம். அந்தச் சந்தோஷத்தில் ராமாயியையும் கையோடு கூட்டிவந்து, "பாரு, எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

அவள் ஒருதரம் பார்த்தாள். உடனே முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு பின்னால் நகர்ந்தாள். "என்ன சாரே இது, மொட்டையா கெடக்கு. ஒளியறதுக்கு ஒரு எடம் உண்டா? எனக்குப் பேடியாகுது."

பேடி என்றால் பயம். மலையாளத்து வார்த்தை, மலையில் எல்லாரும் சொல்வார்கள். வாத்தியார் முகம் சுருங்கிப்போச்சு. அவளுக்கும் பிழைத்தவர்களின் கண்தானே? அவளுடைய ஆட்கள் வெளியைப் பார்த்துப் பிழைக்கவில்லை, மரத்துக்குள் மறைந்து பிழைத்தார்கள் போலிருக்கிறது. வாத்தியார் சாயங்காலம் வரைக்கும் யோசித்து, "பார்க்கவும் இடம் வேணும், ஒளியவும் இடம் வேணும், ரெண்டும் சேர்ந்தாத்தான் அழகு" என்று திருத்திக்கொண்டார். ஆனியில் மழை இறங்கியதும் மூட்டை கட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்.

ஆடியில் அண்ணன் வந்தான். போனேன். பத்தே நாளில், "என்னைக் கொண்டு விடு" என்று நச்சரித்துத் திரும்பி வந்துவிட்டேன். அம்மாவுக்கே ஆச்சரியம். ஊர் தெரிகிற அடுப்படி எனக்கு இருந்தது. ஊரில் இருந்தபோது அந்த அடுப்படி தெரியவில்லை, அதுதான் காரணம். வேறு காரணமும் இருந்தது, அதை எல்லாம் பத்திரிகையில் எழுத முடியாது.

கிழக்குக் காற்று

அந்த மழைக்காலம் போல ஒன்றை நான் அதற்கப்புறம் பார்த்ததில்லை. மேகம் எங்கள் சன்னலுக்குக் கீழே போகும். கிழிசல் வழியாக ஒரு துண்டு வயல், ஒரு துண்டு சாலை தெரியும். மூடிக்கொள்ளும். மறுபடி திறக்கும்போது வேறு ஒரு துண்டு. சோறு வெந்ததா குழைந்ததா என்று தெரியாமல் பார்த்துக்கொண்டே இருப்பேன். அவர் என் பக்கத்தில் வந்து உட்காருவார். தோளில் அவர் தோள் பட்டுக்கொண்டிருக்கும். அது போதும் எனக்கு.

தை போய் மாசி வந்தது. மழை நின்றது. கீழேயிருந்து காய்ந்த காற்று மேலேறி வரத் தொடங்கியது.

அந்தக் கிழக்குச் சரிவு மரங்கள் நிழலுக்கு மட்டும் நிற்கவில்லை. சமவெளியின் அனலை உள்ளே விடாமல் மறித்துக்கொண்டு நின்றன. அந்தச் சுவரில்தான் எனக்குச் சன்னல் வைத்திருந்தார். மூன்றே வாரம். ஏல இலைகள் ஓரத்தில் பழுத்தன, பிறகு நடுவில் வெளுத்தன, பிறகு சுருண்டன. பங்குனியில் புதிதாக வந்த பூச்சரங்கள் தரையிலேயே கருகிக் கிடந்தன. ஒரு சரிவு முழுக்க, கையில் எடுத்தால் அப்பளமாக நொறுங்கியது.

அவர் தினமும் அங்கே போய் நின்றுவிட்டு வருவார். "இப்படி ஆகும்னு யாரு கண்டா" என்று நான்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்தேன். தெரியாமல் நடந்துபோன தப்பு என்றே நினைத்திருந்தேன், பைத்தியக்காரி.

முதலாளி மோர் குடித்தார்

பங்குனிக் கடைசியில் முதலாளி ஏறி வந்தார். குடையை ஊன்றிச் சரிவு முழுக்க நடந்தார். ஒரு இலையைக் கசக்கிக் கீழே போட்டார். எங்கள் வாசலுக்கு வந்து நின்றார்.

"இங்க கவாத்து யாரு விட்டது?"

"நாந்தேன் மொதலாளி."

"பத்துப் பதினஞ்சு வருசமா மரம் ஏறுற. கெழக்கத் தெறந்துவிட்டா என்ன ஆகும்னு ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும் மொதலாளி."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலாளிக்கும்தான். "தெரிஞ்சா செஞ்ச? பெறகு எதுக்குடா செஞ்ச?"

அவர் தரையைப் பார்த்தார். உயிரே போனாலும் சொல்ல மாட்டார், எனக்குத் தெரியும். நான் கதவுக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தேன். "எனக்காகத்தேன் வெட்டுனாரு. இருட்டா இருக்குன்னு அழுதேன். ஊரு தெரியணும்னு வெட்டுனாரு."

முதலாளி என்னைப் பார்த்தார். பிறகு நான் கை காட்டிய பக்கம் திரும்பினார். தலைப்பாகைத் துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு மெதுவாகப் போய் அந்தத் திறப்பில் நின்றார்.

நின்றவர் நின்றவர்தான். "அந்தா டேசனு... அந்தா கோயிலு... அது எங்க கடைத் தெருவுல்ல!" என்றார், தனக்குத்தானே. ஒரு கல்லில் உட்கார்ந்தார். நான் மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்தார். அரை மணி நேரம் இருக்கும், அப்படியே பார்த்துக்கொண்டிருந்தார். "இம்புட்டு வருசமா இந்தத் தோட்டத்த வச்சிருக்கேன். ஒரு நாளும் இதப் பாத்ததில்ல, ஆத்தா" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

டம்ளரைக் கல்லின் மேல் வைத்துவிட்டு எழுந்தார்.

"நல்லாத்தேன் இருக்கு" என்றார் என் வீட்டுக்காரரிடம். "சித்திரை பொறக்கவும் எறங்கிருங்க."

முதலாளி போன பிறகு நான் ஆடித் தீர்த்துவிட்டேன். "தெரிஞ்சே செஞ்சீகளா? சோத்துல மண்ணப் போட்டுக்கிட்டீகளே, ஒங்களுக்குக் கூறு இருக்கா?"

"நீ ஆடிக்குப் போனா வரமாட்டேன்ன" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். எனக்குக் கோபம் எங்கே போச்சு என்று தெரியவில்லை. உட்கார்ந்து ஓவென்று அழுதேன்.

வாத்தியாரின் கடிதம்

சிலமலைக்கு வந்து அண்ணன் வீட்டில் இருந்தோம். அண்ணனுடைய வெங்காயக் காட்டில் அவர் தண்ணீர் பாய்ச்சினார். வீட்டோடு மாப்பிள்ளை என்று ஊர் வாய்க்குள் சிரித்தது. வெயில் அவருக்கு ஆகவில்லை. தோல் உரிந்தது. வேப்ப மரம் ஒன்று கிடைத்தால் அதை ஒட்டியே நிற்பார். பரந்த வெளி என்று நான் ஏங்கினேனே, அது அவருக்கு ராமாயி சொன்ன மொட்டைதான்.

வைகாசியில் வேறு ஒரு தோட்டத்திலிருந்து ஆள் கேட்டார்கள். மலைக்கு நெடுந்தூரம் உள்ளே. அங்கே எந்த மரத்தை வெட்டினாலும் இன்னொரு மரம்தான் தெரியும். திங்கட்கிழமை வரச் சொல்லியிருந்தார்கள்.

அண்ணன் என்னிடம் நேராகவே சொன்னான். "அவரு போயிப் பொழைக்கட்டும். நீ இங்கனயே இரு. பொண்டாட்டிக்கு வேடிக்கை காட்டச் சோலியத் தொலைச்ச ஆள நம்பி எப்படி அனுப்புறது?" அவர் கொல்லைப்புறத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தார். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனால் என்னிடம், நீ வருகிறாயா என்று கேட்கவே இல்லை. இரண்டு நாள் போச்சு. கேட்கவில்லை. எனக்கும் மறுபடி அந்த இருட்டுக்குள் போக மனசில்லை, பொய் சொல்வானேன்.

சனிக்கிழமை தபாலில் வாத்தியாரிடமிருந்து கடிதம் வந்தது. நடந்ததை எல்லாம் நான் அவருக்கு எழுதியிருந்தேன். கோபமாகவே எழுதியிருந்தேன். "அழகெல்லாம் உயிர் பிழைக்கத்தான் என்றீர்களே அண்ணே, அழகுக்காக ஒருத்தர் பிழைப்பையே தொலைத்தால் அது எந்தக் கணக்கு?" என்று.

கடிதத்தை எடுத்துக்கொண்டு வெங்காயக் காட்டுக்குப் போனேன். அவர் மண்வெட்டியால் வாய்க்கால் மாற்றிக்கொண்டிருந்தார், கையெல்லாம் சேறு. வரப்பில் உட்கார்ந்து உரக்கப் படித்தேன்.

தான் சொன்னது பாதிதான் என்று வாத்தியார் எழுதியிருந்தார். அந்த ஆசாமி அப்படி எழுதி நான் பார்ப்பது அதுவே முதல் தடவை. பிழைப்பதற்கு உதவிய அழகு ஒன்று, துணையைத் தேடுவதற்கு உண்டான அழகு இன்னொன்று. மயிலுக்குத் தோகையால் உயிருக்கு லாபம் இல்லை, ஆபத்துத்தான் உண்டு. ஆனாலும் ஆயிரமாயிரம் தலைமுறையாகப் பெண்மயில்கள் பார்த்துப் பார்த்துப் பொறுக்கியதில் அந்தத் தோகை உண்டாயிற்று. கடலுக்கு அப்பால் கிழக்கே ஒரு தீவில் ஒரு பறவை இருக்கிறதாம். அடர்ந்த காட்டுக்குள் ஓர் இடம் பிடித்து, தரையைக் கூட்டித் துப்புரவாக்குமாம் அதன் சேவல், ஆண்பறவை. அத்தோடு விடாமல் மேலே ஏறி, கிளைகளில் இருக்கிற இலைகளை ஒவ்வொன்றாகக் கடித்துக் கிள்ளிப் போடுமாம். எதற்கு? தரையில் வெயில் விழுவதற்கு. அந்த வெயிலில் நின்றுகொண்டு பெட்டை வந்து பார்க்கும் என்று காத்திருக்குமாம்.

மண்வெட்டிச் சத்தம் நின்றுபோயிருந்தது.

கடிதத்தில் இன்னும் இரண்டு வரி இருந்தது. பெட்டை வரும், பார்க்கும், பிடித்தால் சேரும். பிறகு தன்வழியே பறந்துபோய்த் தனியாகக் கூடு கட்டி, தனியாகவே குஞ்சு வளர்க்கும். சேவல் அந்த வெளிச்சத்திலேயே நின்றுவிடும், என்று இருந்தது. என் கண் அந்த வரிகளின் மேல் போய்விட்டு வந்தது. வாய் படிக்கவில்லை. காகிதத்தை மடித்தேன்.

அவர் மண்வெட்டிப் பிடியின் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு வாய்க்கால் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வந்து பாத்த பொட்டை என்ன செஞ்சுச்சாம்? தங்குச்சா?"

"தங்கிருச்சாம்" என்றேன்.

அவர் குனிந்து வாய்க்காலை அடுத்த பாத்திக்குத் திருப்பிவிட்டார். தண்ணீர் வெங்காயத் தாளுக்கு நடுவில் ஓடியது.

"திங்கக்கெழமை மொத பஸ்சுக்கே போகணும்" என்றார்.

"போவோம்" என்றேன். அன்று சாயங்காலம் அடுப்பு மூட்டும்போது அந்தக் கடிதத்தை முதலில் வைத்துக் கொளுத்தினேன்.